ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



நம்ம வகுப்பில் மூன்று பேருக்கு திடீரென்று ரெக்கார்டு பிளேயர் ஆசை வந்திருக்கிறது. ஒருத்தன் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பெட்டி ஒன்று அகப்பட்டதாம். இன்னொருத்தனுக்கு சவுதியில் இருக்கும் மாமா ஒன்று கொண்டு வருகிறாராம். மூன்றாமவன் சூட்கேஸ் மாதிரி இருக்கும் ஒரு மாடலை செல்போனில் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல ப்ளூடூத்தே இருக்குடா!" என்று குதிக்கிறான். மூன்று பேரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?"

வாட்ஸை அப்புறம் பார்க்கலாம். "ஊசி என்ன ஊசி? தட்டு மேல எத்தனை கிராம் எடையில உட்காருது?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல. எங்கள் வீட்டில் இருந்த ஒரு தட்டைக் கெடுத்துவிட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் என் தப்புகளும் வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

கீழ்வேளூரில் எங்கள் தாத்தா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் விடியற்காலை நாலு மணிக்குத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அகுஜா ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றி, தட்டைப் போட்டுவிடுவாராம். நடவு வயலில் நிற்கிறவர்களுக்குக்கூட யார் வீட்டு விசேஷம் என்று தெரிந்துவிடும். கேசட் வந்தது, அப்புறம் சி.டி. வந்தது, தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது ஒரு தகரப் பெட்டி நிறைய தட்டுகளும், ஒரு பழைய பிளேயரும்தான். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் ஓட்டு வீட்டில் பாதிக் கூரை போனது. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் பாட்டுத் தட்டை யார் பார்த்தார்கள்? அப்படியே மூடிக் கிடந்தது. நான் முதலாம் ஆண்டு சேர்ந்த பிறகுதான் திறந்தேன். எல்லாத் தட்டிலும் பூஞ்சைக் காளான், வெள்ளை வெள்ளையாக.

"லேப்பில் பி.சி.பி. துடைக்கிற ஸ்பிரிட் இருக்கே" என்று ஒரு பாட்டில் வாங்கி வந்து, பஞ்சில் நனைத்து, முதலில் கையில் வந்த தட்டை நன்றாகத் தேய்த்தேன். அது 78 சுற்றுத் தட்டு. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி. பிள்ளைவாள் 1898-ல் பிறந்தது நம்ம பக்கத்துத் திருமருகலில்தான். பஞ்சு கறுப்பாக மாறியது. "ஆஹா, அழுக்கு எப்படி வருது பார்" என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டேதான்! காய்ந்த பிறகு பார்த்தால் பள்ளம் எல்லாம் மழுங்கி, தார் ரோட்டில் மாட்டு வண்டி போன மாதிரி ஆகியிருந்தது.

ஏன் இப்படி? 78 சுற்றுத் தட்டு பிளாஸ்டிக் இல்லை. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல் பொடி, கரி எல்லாம் சேர்த்து அழுத்திச் செய்தது. வீட்டுக் கதவுக்குப் பாலீஷ் போடும் ஆசாரி என்ன செய்கிறார்? அவல் மாதிரி இருக்கும் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப் போடுகிறார், அது கரைந்துவிடுகிறது. எங்கள் வீட்டு வாசற்கதவே அப்படிப் பாலீஷ் போட்டதுதான், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன். ஆனாலும் தட்டைத் தேய்க்கும்போது புத்தி வேலை செய்யவில்லை. எனவே அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட், ஆல்கஹால், சானிடைசர் எதுவுமே ஆகாது. பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் வாக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது. எல்.பி., 45 சுற்று இ.பி. இரண்டும் வினைல். அதற்கும் இதே வைத்தியம் போதும்.

தட்டு அரக்கா வினைலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்தால் அரக்குத் தட்டு கனமாக, விறைப்பாக இருக்கும். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். வினைல் லேசாக வளையும். பெரும்பாலும் லேபிளிலேயே சுற்று போட்டிருப்பார்கள். வருஷத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மற்ற நாடுகளில் 78 சுற்றை நிறுத்திய பிறகும் நம் நாட்டில் 1960களில் அது வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டே கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் 78 சுற்றில் அச்சாகியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஊசிக்கு வருவோம். முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தட்டில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளி விளிம்பில் ஆரம்பித்துச் சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. 22 நிமிஷம் ஓடும் எல்.பி. பக்கத்தை எடுத்துக்கொண்டால், 33⅓ சுற்று வேகத்தில் சுமார் 733 சுற்று. சராசரி சுற்றளவு 66 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஊசி போகும் தூரம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்! பாட்டு முழுக்க அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் நெளிவாகப் பதிந்திருக்கிறது. ஊசி நெளிவைப் பின்பற்றி ஆடுகிறது, அந்த ஆட்டத்தைக் கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. அவ்வளவுதான் ரெக்கார்டு பிளேயர். மற்றதெல்லாம் இந்த ஆட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு 75 மைக்ரான் அளவு முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். பாட்டுக்கு பதில் வாணலியில் கடுகு பொரிகிற சத்தம்! 78 ஊசியை எல்.பி.யில் வைத்தாலோ நேர் மாறாக, மேல் விளிம்பைச் சிதைத்துக்கொண்டு போகும். தாத்தாவின் பிளேயரில் ஊசியைத் திருப்ப ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. ஒரு பக்கம் எல்.பி., மறு பக்கம் 78. அது எதற்கென்று தெரியாமலே ஒரு மாதம் ஓட்டினேன். தாத்தாவிடம் வேலை பார்த்த மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா தம்பி, டிப்ளமா படிக்கிறேன்னு சொல்ற, ஊசியத் திருப்பத் தெரியாதா?" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்தது எடை. கார்ட்ரிட்ஜில் நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு ஜாதி. ஒன்று செராமிக். விலை குறைவு. இன்று விற்கும் சூட்கேஸ் மாடல்களில் பெரும்பாலும் இதுதான், தாத்தாவின் பிளேயரிலும் இதே ஜாதிதான். இது 5 கிராம் போல அழுத்தினால்தான் பள்ளத்தில் ஒழுங்காக ஓடும். மற்றது மேக்னெட் வைத்தது, மூவிங் மேக்னெட் என்பார்கள். இதற்கு 2 கிராம் போதும். 'மூணு கிராம்தானே வித்தியாசம், என்ன பெரிய விஷயம்' என்று நினைக்காதீர்கள். ஊசி சுவரைத் தொடும் இடம் சில மைக்ரான் அகலம்தான். எடையை அந்தப் பரப்பால் வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் வரும். அந்த அழுத்தத்தில் ஊசி அரை கிலோமீட்டர் போகிறது. ஊசி தேய்ந்து உளி மாதிரி ஆகியிருந்தால் என்ன நடக்கும் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லேத்தில் தினமும் பார்க்கிறார்கள்.

ஆகவே சூட்கேஸ் வாங்கத் துடிக்கும் நண்பனுக்கு என் அபிப்பிராயம்: வேண்டாம்டா. பத்துத் தடவை கேட்டுவிட்டுத் தூக்கிப் போடும் தட்டு என்றால் சரி. இன்னொரு பிரதி கிடைக்காத தட்டை அதில் வைக்காதே. அதைவிட மோசம், கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் பித்தளைக் குழாய் கிராமபோன். பழைய சாவி கொடுக்கும் கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். கல் பொடி கலந்த அரக்குத் தட்டு அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, அப்பவும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரும்பு ஊசியை மாற்ற வேண்டும். வினைலை அதில் வைத்தால் ஒரே தடவையில் பாட்டு உழவாகிவிடும். வரவேற்பறையில் பூ ஜாடி பக்கத்தில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்போ எதைத்தான் வாங்குவது? விலை எழுதப் போவதில்லை, மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். பார்க்க வேண்டிய விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கையில் இருப்பது எல்.பி., இ.பி. மட்டும்தான் என்றால், ஆடியோ டெக்னிகா எல்.பி.60 எக்ஸ் போன்ற தானியங்கி பெல்ட் மாடல் போதும். எடையைக் கம்பெனியிலேயே செட் செய்து கொடுத்துவிடுகிறார்கள், நாம் கை வைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதில் 78 சுற்று கிடையாது. தாத்தா வீட்டுத் தட்டு இருக்கிறவர்கள் மூன்று வேகமும் உள்ளதாக, ஊசியைக் கழற்றி மாற்றக்கூடியதாக, எடையைத் திருகிச் சரிசெய்யக் கூடியதாகத் தேட வேண்டும். அதே கம்பெனியின் எல்.பி.120 எக்ஸ் அப்படிப்பட்டது, அதன் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகவே விற்கிறது. பழையது வாங்கினால் முதலில் "இதுக்கு ஊசி இப்ப கிடைக்குமா?" என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டும் லென்ஸைக் கடன் வாங்கி ஊசி நிற்கும் குச்சி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், அது மாற்றக்கூடிய பொருள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறதா? அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய காலத்திலிருந்து நம்ம பக்கத்துக்குப் பாட்டுப் பெட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிரச்சினை இல்லை, துபாயும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் சவுதியிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ். மெயின்ஸ் அலைவரிசையை நம்பிச் சுற்றும் சின்க்ரோனஸ் மோட்டார் உள்ள பழைய பிளேயரை இங்கே போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 27.8 ஆகும். டி.எம்.எஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்! டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை மாற்றலாம், ஹெர்ட்ஸ் மாறாது. டி.சி. மோட்டார், அடாப்டர் மாடல் என்றால் இந்தக் கவலை கிடையாது. மாமாவுக்கு போன் போட்டு, பின்பக்கத் தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

வேகம் சரியா என்று கண்டுபிடிக்க நம்மிடமே கருவி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மின்னுகிறது. 33⅓ சுற்று என்றால் தட்டு வினாடிக்கு 200 டிகிரி திரும்புகிறது. ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் சரியாக 2 டிகிரி. எனவே ஒரு வட்டக் காகிதத்தில் 2 டிகிரிக்கு ஒன்றாக 180 கறுப்புக் கோடு வரைந்து, தட்டு மேல் வைத்துச் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் போனால் குறைவு. 78-க்கு 77 கோடு. நல்ல எல்.இ.டி. பல்பில் இது தெரியாது, அது மின்னாமல் எரியும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிவப்பாக எரியுமே குட்டி நியான், அதன் வெளிச்சத்தில் பாருங்கள். நான் இரவு எட்டு மணிக்குச் சரிபார்த்து வைத்தது காலையில் மெதுவாகப் போனது. என்னடா என்று பார்த்தால், வயல் பம்ப் செட்டெல்லாம் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கியிருந்தது. தாத்தா பிளேயரில் இருப்பது ஷேடட் போல் மோட்டார். வோல்டேஜ் இறங்கினால் ஸ்லிப் கூடும் என்று டிரிபிள் ஈ நண்பர்கள் பரீட்சையில் எழுதுகிறார்களே, அதேதான்.

சரி, வாங்கியாச்சு. வீட்டில் எப்படி வைப்பது?

முதலில் மட்டம். சிவில் நண்பனிடம் ரசமட்டம் வாங்கி, சுழல் தட்டின் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு சுவரில் மட்டும் ஊசி அழுத்தும். அடுத்தது எடை. ஊசிக் கையின் பின்னால் இருக்கும் எடைத் திருகை, கை தராசு மாதிரி நடுவானில் மிதக்கும்வரை திருக வேண்டும். அப்போது எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன கிராம் வரும்வரை மொத்தத்தையும் திருக வேண்டும். எண்ணை முழுக்க நம்பாதீர்கள். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. அதன் மேல் ஊசியை இறக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். குறைவான எடைதான் தட்டுக்கு நல்லது என்று 1 கிராமுக்கு இறக்குகிறவர்களும் உண்டு. அது தப்பு. எடை போதாத ஊசி பள்ளத்தில் துள்ளி விழும், துள்ளி விழுகிற ஊசி அழுத்துகிற ஊசியைவிட அதிகமாகக் கொத்தும். ஆண்டி ஸ்கேட்டிங் என்ற குமிழ் இருந்தால் அதையும் அதே எண்ணில் வையுங்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டியிருந்தால் கோணமும் பார்க்க வேண்டும். நடு அச்சிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசித்தலை பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். டிராயிங் ஷீட்டில் அரை மணி நேர வேலை.

இனி ஒயர் சமாச்சாரம். மேக்னெட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது வெறும் 5 மில்லி வோல்ட் போலத்தான். அதோடு, தட்டு வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்தும் மேல் ஸ்வரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும் இடத்தில் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தோடு முட்டிக்கொள்ளும். கேட்கும்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இதற்குத்தான். 3180, 318, 75 மைக்ரோ செகண்ட் என்று மூன்று டைம் கான்ஸ்டன்ட். 1000 ஹெர்ட்ஸில் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்கம் வேண்டும். இதைச் செய்வது ஃபோனோ பிரீ-ஆம்ப். சில பிளேயரில் உள்ளேயே இருக்கும், சில ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று தனி சாக்கெட் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் 5532 ஐ.சி. ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைத்து நாமே கட்டலாம். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் சாமான் முழுக்கக் கிடைக்கும். மினி பிராஜெக்ட்டுக்கு மூன்று வருஷமாக அதே டிராஃபிக் லைட்டைச் செய்கிற நண்பர்கள் கவனிக்கவும்!

செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு இது தேவையில்லை. அது சில நூறு மில்லி வோல்ட் கொடுக்கும், ஆனால் 10 லட்சம் ஓம் அளவுக்கு இன்புட் இம்பீடன்ஸ் கேட்கும். மேக்னெட்டுக்கு 47 கிலோ ஓம். மாற்றி மாட்டினால் பேஸே இல்லாமல் தகர டப்பா மாதிரி கேட்கும்.

'கும்ம்ம்' என்று ஒரே இரைச்சல் வருகிறதா? பிளேயரிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய பச்சை அல்லது கறுப்பு ஒயரை நீங்கள் மாட்டவில்லை. அது எர்த். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் திருகில் மாட்டுங்கள். மாட்டியும் நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த்தையே சந்தேகப்பட வேண்டும். எங்கள் வீட்டில் புயலுக்குப் பிறகு போட்ட புது ஒயரிங்கில் மூன்றாவது பின் எங்கேயும் போகவில்லை, சும்மா அழகுக்கு இருந்தது. கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து எர்த் அடித்த பிறகு இரைச்சலும் போனது, கிரைண்டரைத் தொட்டால் அம்மாவுக்கு அடித்துக்கொண்டிருந்த ஷாக்கும் போனது. பாட்டுப் பைத்தியத்தால் வீட்டுக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

இப்போதான் வாட்ஸ். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் போலச் சத்தம் தரும். பேச்சு சத்தத்தைவிட அதுவே ரொம்ப அதிகம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கு என்று காதுக்குப் படவே பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 15, 20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம். அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னே தாத்தாவின் சின்ன ஆம்ப்ளிஃபயர் எப்படி வயல் தாண்டிக் கேட்டது? குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே 105 டெசிபலுக்கு மேல் தரும். 17 டெசிபல் வித்தியாசம் என்றால் ஐம்பது மடங்கு! அதற்கு விலையாக பேஸையும் உச்ச ஸ்வரத்தையும் பலி கொடுத்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் லைன் என்று ஒரு டெர்மினல் இருக்கும். அதில் 8 ஓம் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் காயில் கருகும் வாசனைதான் வரும்.

பழைய தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. தமிழ் சினிமாவில் ஸ்டீரியோ என்ற பேச்சே 1978-ல் வந்த 'ப்ரியா' சமயத்தில்தான் பெரிதாக அடிபட்டது. மோனோ தட்டுக்கு இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 78 தட்டுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஸ்பீக்கரைப் பிளேயர் இருக்கும் மேஜையிலேயே வைக்காதீர்கள். ஸ்பீக்கர் அதிர்ந்து, மேஜை அதிர்ந்து, ஊசி அதிர்ந்து, அது மறுபடி ஸ்பீக்கருக்கே போய் ஊளையிடும். நீங்கள் உட்காரும் இடமும் இரண்டு ஸ்பீக்கரும் சம பக்க முக்கோணமாக, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். அறையில் எதிரொலி இருந்தால் சுவருக்கு ஒட்ட நுரை விற்கிறார்கள். எங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அறுவடை முடிந்து மூலையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தபோது பேஸ் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போன மறுநாள் அதே பாட்டு, அதே இடம், குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. "மூட்டையைக் கொஞ்ச நாள் கழிச்சுப் போடலாமே" என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். பதிலை இங்கே அச்சிட முடியாது.

தட்டுகளைப் புத்தகம் மாதிரி நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வளையும், அரக்கு என்றால் அடியில் இருப்பது விரிசல் விடும். தகரக் கூரைக்கு அடியில், வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

"இதெல்லாம் எதுக்குடா? யூடியூபில் எல்லாம் இருக்கே" என்பீர்கள். நியாயம்தான். தட்டு சத்தம் செல்போனைவிட உசத்தி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல எல்.பி. 60, 70 டெசிபல் வரைதான் ஏற்ற இறக்கம் தரும், சி.டி. 96 தரும். அந்தத் தோடியையும் செல்போனில் தேடி எடுத்து எங்கள் அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது நம்ம தட்டு இல்லையேடா" என்றார். கேடிலியப்பர் கோயில் திருவிழாவில் யாரோ இடித்து, தாத்தாவின் தட்டில் குறுக்கே ஒரு கீறல் விழுந்ததாம். ஆலாபனை மேலே ஏறும் இடத்தில் சுற்றுக்கு ஒன்றாக 'டக், டக்' என்று ஐந்தாறு தடவை வரும். அப்பாயி அந்த 'டக்'குக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் ஸ்பிரிட் போட்டுக் கரைத்தது அந்தப் பக்கம்தான்.

78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் தோடி இரண்டு பக்கமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தை நான் தேய்ப்பதற்குள் நல்லவேளையாகப் பஞ்சு தீர்ந்துவிட்டது. சரியான ஊசி, சரியான எடை, மோனோ இணைப்பு எல்லாம் செய்து போன பொங்கலுக்கு அதைப் போட்டேன். இரைச்சலுக்கு நடுவிலிருந்து நாகஸ்வரம் பளிச்சென்று எழுந்து வந்தது. எங்கள் வீட்டில் தோடி இப்போது பாதியிலிருந்துதான் ஆரம்பிக்கும். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "இன்னொரு தரம் வையி" என்றார்.

என்னிடம் 78 ஊசி ஒன்றும், நகைத் தராசும், 180 கோடு போட்ட காகிதமும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் தட்டு ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து துடைத்துப் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தோடியின் முதல் பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால், முதலில் வீட்டில் உள்ள ஸ்பிரிட், சானிடைசர் பாட்டில்களை ஒளித்து வைத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை